மொட்டை மலையும் விதைநெல்லும்

வானத்தைப் பார்க்காமலே மழையை அறிந்தவர்கள் என்றொரு இனம் உண்டு. எந்த ஊரிலும் ஒருவராவது அகப்படுவார். தண்ணீரூற்று என்ற எங்கள் ஊரில் அந்தப் பதவி மஹ்றூப்புடையது. "குடை கொண்டு போகவோ?" என்று யாராவது வாய்தவறிக் கேட்டால் போதும், சலூன் கதிரையில் பாதிச் சவரத்தோடு இருந்தாலும் எழும்பி, நுரை வழியக் கைபேசியைத் திறந்து, வானிலைக் கணினி உலகத்தை ஒன்பது கிலோமீற்றர்ப் பெட்டிகளாக வெட்டி வைத்திருப்பதில் தொடங்கி, ஒரு பெட்டிக்கு ஒரேயொரு உயரந்தான், ஆகவே பள்ளத்தையும் உச்சியையும் கூட்டிச் சராசரி எடுத்ததில் நுவரெலியாவில் நிற்கும், நாட்டிலேயே உயர்ந்த பிதுருதலாகலை மலையின் தலையே போய்விட்டது என்பதில் வந்து முடிப்பார். கேட்டவர் அதற்குள் நனைந்தபடி வீடு போய்ச் சேர்ந்திருப்பார்.

"மலை மொட்டையானா மழைக் கணக்கும் பிழைக்கும். நுவரெலியாக்காரர் பாவம். எங்களுக்கென்ன? மலையே இல்லை. இஞ்ச கணக்குத் தப்பாது!"

இந்த மாசியில் அறுவடை முடிந்து, அடுத்த போகத்துக்கென்று ஒதுக்கிய விதைநெல் அவர் முற்றத்தில் குவியலாக, படங்கு மூடிக் கிடந்தது. நனைந்தால் முளைத்துவிடும், முளைத்தால் விதைப்புக்கு நெல் இல்லை. ஒருநாள் காலை கைபேசியில் முழுச் சூரியன். மஹ்றூப் படங்கை உருவினார். நெல்லைக் காயவைக்கத் தார் வீதியோரம் கொண்டுபோய், விரல் உயரத்துக்கு மேல் நிற்காதபடி காலால் அளைந்து அளைந்து பரப்பினார்.

"இஞ்சேருங்கோ, கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வருது," என்றாள் மனைவி ஜொஹறா.

"கண்ணால பாக்கிறதெல்லாம் விஞ்ஞானமே? போய்த் தேத்தண்ணி போடு."

தேத்தண்ணி கொதிக்க முன்னமே மழை கொட்டியது. இருவரும் ஓடி ஓடி அள்ளியும், வாய்க்காலோடு போனது போக, அரைச் சாக்கு ஈரநெல்தான் மிஞ்சியது. அயல்வீட்டு நெல் படங்குக்குள் குவியலாக, பத்திரமாக இருந்தது. மஹ்றூப் அதை ஒருதரம் எட்டிப் பார்த்தார். ஆனாலும் நிபுணர் அல்லவா?

"அங்க நுவரெலியாவில கணினி மலையை மட்டமாக்கினதால வந்த வினை இது. காத்து இஞ்சால திரும்பி..."

ஜொஹறா முக்காட்டு நுனியைப் பிழிந்தாள். "விடியக் குவியலாக் கிடந்த நெல்லை விரல் உயரத்துக்கு மட்டமாக்கினது ஆர்? உந்தப் போனே, நீங்களே?"

நிபுணர் ஈரச் சாக்கைத் தூக்கித் தாழ்வாரத்தில் சாய்த்தார்.

மூன்றாம் நாள் சாக்கின் தையல் வழியே வெள்ளை முளைகள் எட்டிப் பார்த்தன. விதைநெல் கேட்டு அயல்வீட்டுக்குப் புறப்பட்டவர், முற்றத்தில் நின்று, மழை வருமா என்று கைபேசியைத் தடவினார்.

சிரிக்கிறீர்களா? இதை எழுதியவரும் சிரித்துக்கொண்டேதான் எழுதினார். கொடியில் காயப்போட்ட சாரம் நனைவது அவருக்குத் தெரியவில்லை. அது கிடக்கட்டும். உங்கள் வீட்டு வாசலில் இப்போது மழையா, வெயிலா? கைபேசியைத் தொடாமல் சொல்லுங்கள் பார்க்கலாம்.