கதவடியில் வைத்த கோப்பிப் பை

துக்கத்தில் இருப்பவனுக்கு யார் என்ன யோசனை சொன்னாலும் சரியாகத்தான் படும். அதிலும் நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன்.

அப்பா இறந்த வாரம் லண்டனில் நாங்கள் இருக்கும் இல்ஃபோர்ட் முழுக்கத் தண்ணீருக்கு அடியில் கிடந்தது போல இருந்தது. பஸ்கள் சத்தமில்லாமல் மிதந்து போயின. கனடாவிலிருந்து வந்த அண்ணை சனிக்கிழமை திரும்ப வேண்டும். வெள்ளிக்கிழமை தகனம் நடக்காவிட்டால் அவர் இல்லாமல்தான் அப்பாவை அனுப்ப வேண்டும். அதற்கு முதலில் கவுன்சிலில் மரணத்தைப் பதிய வேண்டும். அந்த வேலை என் தலையில்.

பார்க்கிங் என்ற பக்கத்து ஊரில் என்னோடு கிடங்கில் ஷிப்ட் செய்யும் மிஹாய் ருமேனியாக்காரன். அவன் பேசுவது உடைந்த ஆங்கிலம். எனக்கு அது எங்கள் தமிழாகவே கேட்கும். (மச்சான் என்ற சொல் மட்டும் என்னிடம் பழகியது.)

"சும்மா போனா அலையவிடுவினம் மச்சான். கோப்பியும் சொக்லேட்டும் கொண்டு போ. கையில குடுக்காத, மரியாதையில்லை. கதவடியில வச்சிட்டு ஒண்டும் தெரியாத மாதிரி இரு."

"இது லண்டனடா."

"எங்கட நாட்டில கம்யூனிஸ்ட் ஆட்சியே போயிட்டுது. மேசைக்குப் பின்னால இருக்கிற ஆள் மாறேல்ல. எல்லா இடமும் உப்பிடித்தான்."

வைத்தேன். கறுப்புப் பையில் போட்டு, இறுக்கி முடிந்து, பதிவாளரின் கதவடியில். (கறுப்புப் பை என் சொந்த யோசனை.) பிறகு கதிரையில் இருந்து கம்பளத்துப் பூக்களைப் பார்த்தபடி எங்கேயோ போய்விட்டேன்.

மணி அடித்தது. யாரோ என் கையைப் பிடித்து வெளியே கொண்டுபோனார்கள். முழுக் கட்டடமும் தூறலில் நின்றது. கல்யாணம் எழுத வந்த பெண் ஒருத்தி பூங்கொத்தைக் குடையாகப் பிடித்திருந்தாள். கனவு மாதிரி அழகாக இருந்தது. உள்ளே ஆளில்லாத பை ஒன்று கிடக்கிறதாம் என்று யாரோ சொன்னபோதுதான் எனக்கு என் கறுப்புப் பை நினைவு வந்தது.

காவலாளியிடம் போனேன். "அது என்ர பை. கோப்பிதான்."

பக்கத்தில் நின்ற பதிவாளர் பெண்மணி, "யாருக்கு?" என்றார்.

"உங்களுக்கு. வெள்ளிக்கிழமை அப்பாவை... அண்ணை சனிக்கிழமை போயிடுவார்."

அவர் நனைந்த கண்ணாடியைத் துடைத்தார். "கோப்பி எனக்கு வேண்டாம். கட்டடத்தைத் திறந்ததும் முதல் ஆளாக நீங்கள் வாருங்கள்."

அன்றே பதிந்து தந்தார். வெள்ளிக்கிழமை அண்ணைதான் கொள்ளி வைத்தார். (இங்கே அது ஒரு பட்டன்.)

அப்பாவின் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்கு மிஹாய் வந்தான். நடந்ததைச் சொன்னேன். அவன் நம்பவேயில்லை.

"சும்மா ஒருத்தரும் செய்யமாட்டினம். உன்ர அப்பாவுக்கு உள்ளுக்க ஆரோ தெரிஞ்ச ஆள் இருந்திருக்கு."

அதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். "ஓம், அந்த மனுசனுக்கு எங்கயும் ஆள் இருக்கும்" என்றார். பிறகு சேலைத் தலைப்பால் முகத்தை மூடினார், தோள் குலுங்கியது. அழுகிறார் என்று ஓடிப்போய்ப் பிடித்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

இப்போதும் வீட்டில் ஏதாவது லேசாக நடந்துவிட்டால், டாக்டரிடம் அன்றைக்கே அப்பொயின்ட்மென்ட் கிடைத்துவிட்டால், அம்மா மேலே பார்க்காமலே சொல்வார்:

"அப்பா ஆரோடயோ கதைச்சிட்டார்."