புரட்டாசியில் ஒரு பூசணிக்காய் கேக்

கும்மிடிப்பூண்டியில் இலையுதிர்காலம் என்று ஒன்று கிடையாது. சிப்காட் பக்கம் இரும்புத் தூள் காற்றில் பறக்கும் காலம் உண்டு. அதே தூள் மழையில் சேறாகிச் செருப்பில் அப்பிக்கொள்ளும் காலம் உண்டு. இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு பருவம் இருக்கிறது என்று நம்பியதோடு நிற்காமல், அதைக் கொண்டாடவும் கிளம்பிய ஒரே ஆள் இந்த வட்டாரத்தில் நான்தான். அன்றைய என்னை இன்றைக்கு மின்சார ரயிலில் பார்த்தால் பேச்சுக் கொடுக்க மாட்டேன். அடுத்த பெட்டிக்கு மாறிவிடுவேன்.

அப்போது எனக்கு இரும்புக் கம்பி உருட்டும் மில் ஒன்றில் குவாலிட்டி பிரிவில் வேலை. நாள் முழுக்க ஃபர்னஸ் பக்கத்தில் நிற்க வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் கேன்டீன் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து போனைத் திறந்தால், எங்கோ ஒரு குளிர்தேசத்துப் பெண் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, மடியில் புத்தகமும் கையில் கேக்குமாக, சிவந்த இலைகளுக்கு நடுவில் உட்கார்ந்து ‘ஹலோ ஆட்டம்’ என்று இலையுதிர்காலத்தை வரவேற்பாள். சட்டையைப் பிழிந்தால் அரை வாளி வேர்வை வருகிற மனுஷனுக்கு அதைப் பார்த்து ஆசை வருவது நியாயம்தான். நியாயம் அதோடு முடிந்தது. அதற்கப்புறம் நான் செய்தது எல்லாம் வெறும் திமிர்.

(நான் வாழ்க்கையில் எட்டிப் பார்த்த ஒரே வடதேசம் சூளூர்பேட்டை. அதுவும் ஒரு கல்யாணத்துக்கு, மே மாதம்.)

செப்டம்பர் பிறந்ததும் ஆரம்பித்தேன். ஆன்லைனில் ஒரு பழுப்பு நிற ஸ்வெட்டர் வாங்கினேன். தலையணை கனத்தில் ஓர் ஆங்கில நாவல் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஜன்னலோரம் அதை விரித்து வைத்துக்கொண்டு உட்காருவேன். முதல் அத்தியாயத்தில் யாரோ ஒருவர் குதிரையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். கடைசி வரை அவர் இறங்கி முடிக்கவில்லை. ஆனால் அந்தப் பக்கத்தைப் பல கோணங்களில் படம் எடுத்துப் போட்டேன்.

“சரண்யா, ஆட்டம் வந்துடுச்சு, பாத்தியா?” என்றேன் மனைவியிடம்.

“யாரு ஆட்டம்? கரகாட்டமா?” என்று நிஜமாகவே ஜன்னலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். எதிர்வீட்டு மாடியில் காய்ந்த லுங்கிகளைத் தவிர எதுவும் ஆடவில்லை. நான் பெருமூச்சு விட்டேன். இந்த ரசனையில்லாத ஊரில் வந்து பிறந்துவிட்டோமே என்கிற பெருமூச்சு. அதற்காகவே என்னை யாராவது அறைந்திருக்கலாம்.

இந்த நிலையில்தான் மாமனார் எங்களைப் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது.

அது சாதாரணச் செய்தி இல்லை. நாங்கள் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். நான் ஸ்டீபன், ஞாயிறானால் சர்ச்சுக்குப் போகிற ஃபேக்டரித் தொழிலாளி வீட்டுப் பிள்ளை. அவள் பெரியபாளையத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் சொந்த நிலத்தில் நெல் விளைவிக்கிற கோதண்டத்தின் ஒரே பெண். கல்யாணமான நாளிலிருந்து அவர் மகளிடமும் பேசவில்லை, என்னிடமும் பேசவில்லை. சரண்யா வெளியில் சிரித்துக்கொண்டிருப்பாள். பொங்கலுக்கு முதல்நாள் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு அழுவாள். இப்போது அவர் திருப்பதிக்கு நடந்து போவதற்காக மாலை போட்டிருக்கிறாராம். மனசில் கசப்பை வைத்துக்கொண்டு மலை ஏறக் கூடாது என்று மாமியார் பேசிப் பேசிக் கரைத்திருக்கிறார்.

“ஊட்டுக்கு வர்றாங்க. ஒரு சாம்பார், ஒரு பொரியல், ஒரு பாயசம். சுத்த சைவம். அவ்ளோதான்,” என்றாள் சரண்யா. அவள் கண்ணில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை.

புத்தியுள்ளவன் சரி என்று சொல்லிவிட்டுப் பால் வாங்கப் போயிருப்பான். நான் சொன்னேன்: “வீட்ல வேணாம். அவுட்டிங் போலாம். பூண்டி ஏரி. அங்க பிக்னிக். நானே கேக் பேக் பண்றேன்.”

“எங்கப்பாவுக்குக் கேக்கா?”

“பூசணிக்காய் கேக்!”

பூசணிக்காய் என்றதும் அவளும் காய்தானே என்று விட்டுவிட்டாள். அவள் வேலை பார்க்கிற மருந்துக் கம்பெனியில் சனிக்கிழமை இரண்டாம் ஷிஃப்ட். வீட்டில் நானும் புது ஓவனும் மட்டும். முதல் கேக் மில்லில் வழித்துப் போடுகிற கசடு மாதிரி வெளியே வந்தது. ஆயிரத்துச் சொச்சம் டிகிரியில் இரும்பைக் காய வைப்பதைத் தினமும் பார்க்கிறவனுக்கு ஒரு கேக்கைக் காய வைக்கத் தெரியவில்லை. பழக்க தோஷத்தில் அதைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். எங்கள் கம்பியைவிட நல்ல தரம். இரண்டாவது கேக் அருமையாக வந்தது. பொன்னிறம், பட்டை வாசனை, நடுவில் லேசாக வெடித்த அழகு. எனக்கு நானே கை குலுக்கிக்கொண்டேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது, இலை. பூண்டியில் எந்த மரமும் செப்டம்பரில் சிவக்காது என்கிற அளவுக்கு எனக்கு அறிவு இருந்தது. அதனால் மில் கேட்டுக்கு வெளியே இருக்கும் பாதாம் மரத்தடியில் சிவப்பாக உதிர்ந்து கிடந்த இலைகளை ஒரு மூட்டை பொறுக்கிக்கொண்டு வந்தேன். வாட்ச்மேன் ஆடு வளர்க்கிறீர்களா சார் என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை நண்பனின் காரில் கிளம்பி, பெரியபாளையம் பஸ் ஸ்டாண்டில் மாமனார் மாமியாரை ஏற்றிக்கொண்டோம். மாமனார் மஞ்சள் வேட்டி, துளசி மாலை, நெற்றியில் நாமம் என்று வந்தார். நான் ஸ்வெட்டரில் இருந்தேன். வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில். ஸ்வெட்டருக்கு மரியாதை வர வேண்டும் என்பதற்காக ஏசியை முழுசாக வைத்தேன். பின்சீட்டில் மாமியார் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மகளின் காதில் கேட்டார்: “இன்னாடி, மாப்ளைக்கு ஜொரமா?”

மாமனார் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

ஏரிக்கரையில் ஒரு புளியமரத்தடியில் பெட்ஷீட்டை விரித்து, சுற்றிலும் பாதாம் இலைகளைத் தூவினேன். நாவலைச் சாய்த்து வைத்து அதன்மேல் ஓர் இலையை வைத்தேன். தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். போனை எடுப்பதற்குள் மாமியார் ஒரு புளியங்கிளையை ஒடித்து எல்லாவற்றையும் பெருக்கித் தள்ளிவிட்டார்.

“ரெண்டு வருசம் கழிச்சிப் பாக்க வந்தா, குப்பைல உக்கார வெக்கிறாரு பாரு,” என்று அலுத்துக்கொண்டார். நான் சேகரித்த ஆட்டம் முழுவதும் ஒரே நிமிஷத்தில் ஏரியில் மிதந்தது.

இருந்தாலும் கேக் இருந்தது. துண்டு போட்டு நீட்டினேன். மாமனார் அதை முகர்ந்து பார்த்தார். சின்னதாகக் கிள்ளி வாயில் போட்டார். அப்புறம் பெரிதாக ஒரு கடி. பிறகு, யாரும் எதிர்பார்க்காமல், தட்டை மறுபடி நீட்டினார். சரண்யா என் தொடையில் கிள்ளினாள். சந்தோஷக் கிள்ளல். மாமியாரும் இரண்டாவது துண்டு எடுத்துக்கொண்டார்.

மூன்றாவது துண்டின் நடுவில் அது நடந்தது. கோதண்டம் என் முகத்தைப் பார்த்தார். லேசாகச் சிரித்தார். கல்யாணத்துக்கப்புறம் முதல்முறையாக என்னோடு பேசினார்.

“நல்லா கீதுப்பா. இன்னா போட்ட இதுல?”

‘எல்லாம் உங்க ஆசீர்வாதம் மாமா’ என்று சொல்லியிருக்கலாம். ‘பூசணிக்காய்’ என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால் என்னைப் போன்ற ஆளிடம் ரெசிபி கேட்டுவிட்டால் அவனைக் கட்டிப்போட முடியாது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். குரலை அந்தக் குளிர்தேசத்துப் பெண் மாதிரி இழைத்தேன்.

“மைதா, வெண்ணெய், நாட்டுச் சர்க்கரை, பட்டைத் தூள், பூசணிக்காயை வேக வெச்சு மசிச்சது. அப்புறம் நாலு முட்டை, மாமா.”

மாமனாரின் தாடை நின்றது.

நான் அதை வியப்பு என்று எடுத்துக்கொண்டேன். அதனால் இன்னும் கொஞ்சம் சேர்த்தேன். “கடை முட்டை இல்ல மாமா. நாட்டுக்கோழி முட்டை!”

எங்கள் வீட்டில் சைவம் என்றால் கறி இல்லை, மீன் இல்லை, அவ்வளவுதான். கேக் ஒரு இனிப்பு. இனிப்பு எப்படி அசைவமாகும்? என் மண்டையில் ஓடிய அறிவு இதுதான். சரண்யாவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அவள் முகத்தில் கோபம் இல்லை. அதைவிட மோசம். பொங்கலுக்கு முதல்நாள் முகம்.

“கோவிந்தா! கோவிந்தா!” என்று மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மாமனார் கத்தவில்லை. தட்டை மெதுவாகக் கீழே வைத்தார். எழுந்து கரைச் சரிவில் இறங்கி ஏரிக்குள் நடந்தார். அவர் தலைக்கு மேலேயே ‘இங்கே குளிக்கக் கூடாது’ என்று பலகை இருந்தது.

“மாமா, போர்டு! போர்டு!” என்று கத்தினேன். அந்த நேரத்தில் எனக்கு வாயில் வந்தது அதுதான்.

“போர்டாம் போர்டு! போய்ப் புடி அவர!” என்று சரண்யா என்னைத் தள்ளினாள். நான் ஓடினேன். இடுப்பளவு தண்ணீரில் நின்று கோவிந்தா கோவிந்தா என்று அவர் முங்கி முங்கி எழுந்தார். நான் பக்கத்தில் குடையில்லாத குடைக்காரன் மாதிரிக் கைகளை நீட்டிக்கொண்டு நின்றேன். அந்தச் சமயம் பார்த்து மழையும் பிடித்துக்கொண்டது. புரட்டாசி மழை, சொல்லாமல் கொள்ளாமல் கொட்டுகிற மழை. கரையில் நாவல் நனைந்து பூரியாக உப்பியது.

காருக்கு வந்து சேர்ந்தபோது மாமனாருக்குப் பல் கிட்டித்துக்கொண்டது. காரில் நனையாமல் இருந்த ஒரே துணி, ஏரிக்கரையில் புழுக்கம் தாங்காமல் நான் சீட்டில் கழற்றிப் போட்டிருந்த ஸ்வெட்டர். சரண்யா அதை அப்பாவுக்குத் தலை வழியாக மாட்டிவிட்டாள். அவளைத் தடுக்கவில்லை அவர். கல்யாணத்துக்கப்புறம் மகள் அவரைத் தொட்டது அப்போதுதான்.

“திருவள்ளூர் கோயிலாண்ட நிறுத்து,” என்றார்.

புரட்டாசிக் கூட்டத்தில் நாமத்தோடும் பழுப்பு ஸ்வெட்டரோடும் ஒரு மனுஷன் பெருமாளைப் பார்க்கப் போனார். ஜனங்கள் வழிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். நாங்கள் மூவரும் காரில் காத்திருந்தோம். சரண்யா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு ஒன்று மட்டும் சொன்னாள்: “எனக்குன்னு ஒரு நாள் கெடச்சிது. அதுலயும் நீ போஸ் குடுத்துக்கினு இருந்த.”

வெகுநேரம் கழித்து மாமனார் வந்தார். என் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினார். இறக்கினேன்.

“பெருமாளாண்ட கேட்டுட்டேன். தெரியாம துன்னவன் மேல தப்பு இல்லயாம்.”

“ரொம்ப சந்தோஷம், மாமா.”

“போட்டவன் நடக்கணுமாம்.”

“எங்க, மாமா?”

“மலைக்கு. என்னோட.”

“பெருமாளே சொன்னாரா?”

“பின்ன, உன் ஓவனா சொல்லும்?”

பின்சீட்டில் முதலில் சிரித்தது மாமியார். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சரண்யா.

அந்த வாரமே நடந்தேன். ஊத்துக்கோட்டை தாண்டுவதற்குள் இரண்டு குதிகாலிலும் கொப்புளம். நாகலாபுரத்தில் ரோட்டோரம் உட்கார்ந்து வேப்பெண்ணெய் தடவிவிட்டவர் மாமனார். தடவிக்கொண்டே, இரண்டு வருஷமாக என்னைத் திட்டுவதற்குச் சேர்த்து வைத்திருந்த அத்தனையும் திட்டித் தீர்த்தார். வழி நீளமாக இருந்ததால் திட்டு தீர்ந்துபோய் நெல் விலை, மோட்டார் ரிப்பேர், சரண்யா சின்ன வயசில் கிணற்றடியில் விழுந்தது என்று பேச்சு போய்விட்டது. மலையடிவாரத்தில் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் முதல் படி ஏறினார்.

அதற்கப்புறம் ஒவ்வொரு புரட்டாசியும் அவரோடு நடக்கிறேன். மில்லில் என் லீவு லெட்டரைப் பார்த்தாலே ‘ஸ்டீபனுக்குக் கோவிந்தா’ என்கிறார்கள். ஓவனில் மாமியார் வற்றல் வடகம் போட்டு வைக்கிறார். வழிநடைக்காரர்களுக்கு மோர் கொடுக்கிற பந்தல் ஒவ்வொன்றிலும் மாமனார் என்னை நிறுத்தி, எத்தனை பேர் இருந்தாலும் சத்தமாக அறிமுகப்படுத்துவார்: “நம்ம மாப்ள. முட்டை போட்ட மாப்ள.”

அதைக் கேட்டவர்கள் என்ன நினைப்பார்கள் என்று நான் கவலைப்படுவதை நிறுத்தி வெகுகாலம் ஆகிறது. போன புரட்டாசியில் ஊத்துக்கோட்டைப் பந்தலில் ஓர் அம்மா என்னை மேலிருந்து கீழ் வரை பரிதாபமாகப் பார்த்துவிட்டு, டம்ளரில் இன்னொரு கரண்டி மோரை ஊற்றினார்.

“குடி நைனா, குடி. முட்டை போட்ட ஒடம்பு. தெம்பு வோணும்ல?”