அழுகையை நிறுத்தினால் ஒரு ஸ்டார்

எனக்கு எழுபத்து மூன்று வயது. பெற்றது நான்கு, கொழுந்தன் பிள்ளைகளையும் சேர்த்து வளர்த்தது ஏழு. அந்த ஏழு பேரை வளர்த்த திமிரில்தான் நான் கெட்டேன்.

செந்தூலில் ஒரு பாலர் பள்ளியில் உதவிக்கு இருந்தேன். குழந்தைகளின் மனத்தைப் பற்றி எங்களுக்குப் பாடம் நடத்த ஒரு பெண் வந்தாள். என் மூக்குத்தியைவிட வயது குறைந்தவள். டீச்சர்கள் எழுதிக்கொண்டார்கள். நானும் பேனாவை ஆட்டிக்கொண்டிருந்தேன். (நான் அரை வரி எழுதுவதற்குள் அவள் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவாள்.) மனத்தில் நின்றது ஒன்றுதான்: பிள்ளை நல்லது செய்தால் உடனே ஒரு ஸ்டார் ஒட்ட வேண்டும். மீதியைக் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாம். ஏழு பேரை வளர்த்தவள் கேட்பாளா?

அடுத்த வாரம் பெற்றோர் வரும் நாள். அன்று அழுகைச் சத்தம் கேட்டால் என்னைச் சமையல் வேலைக்கு மாற்றிவிடுவதாகத் தலைமை டீச்சர் சொல்லிவிட்டார். பிள்ளைகளை விட்டுவிட்டு நான் என்ன செய்வேன்? அழுகையை நிறுத்துகிற பிள்ளைக்கு நெற்றியில் ஒரு ஸ்டார் என்று ஆரம்பித்தேன். முதல் நாள் மூன்று பேர் அழுதார்கள். ஸ்டாரைப் பார்த்ததும் கப்சிப். மூன்றாம் நாள் பத்துப் பேர் அழுதார்கள். அவர்களும் உடனே நிறுத்திவிட்டார்கள். என் கைராசி கூடுகிறது என்றே நினைத்தேன்.

பெற்றோர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே ஒப்பாரி. ஒவ்வொன்றும் அழும், நிறுத்தும், நெற்றியை நீட்டும், மறுபடி அழும்.

“என்ன ஆன்டி, அடிச்சீங்களா?” என்று ஓர் அப்பா கேட்டார்.

தர்ஷினி மட்டும் முகத்தைக் கோணிக்கொண்டு நின்றாள். சேர்ந்த நாளிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள்.

“எனக்கு அழ வரல லா, பாட்டி. நான் நல்லாத்தானே இருந்தேன்? எனக்கு ஏன் ஸ்டாரே இல்ல?”

என் மூன்றாவது மகளும் இப்படித்தான், அழாத பிள்ளை. அழுததைத் தூக்கினேன், அடம்பிடித்ததுக்கு ஊட்டினேன். அந்த மகளை எப்போது மடியில் வைத்தேன் என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை.

தர்ஷினி நெற்றியில் ஒன்று ஒட்டினேன். என்னைச் சமையலுக்கு அனுப்பினார்கள். அன்று சாயங்காலமே கிள்ளானில் அந்த மகள் வீட்டுக்குப் போய், நாற்பத்தெட்டு வயதானவளின் நெற்றியிலும் ஒன்று ஒட்டினேன்.

“என்னம்மா ஆச்சு உங்களுக்கு?” என்றாள். ஆனால் அதைப் பிய்த்துப் போடவில்லை. இன்றும் அவள் வீட்டு ஐஸ்பெட்டிக் கதவில் இருக்கிறது.

இப்போது எங்கள் வீட்டில் யாருக்கு எது வேண்டுமென்றாலும் பொய்யாக விம்மிவிட்டு என்னிடம் நெற்றியை நீட்டுகிறார்கள், மருமகன் உட்பட.

சரி, அந்த மூன்றாவது மகளின் மகள்தான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். எங்கேம்மா, பாட்டி எழுதினதைப் படிச்சுக் காட்டு. சிரிக்காம படிச்சா ஒரு ஸ்டார்.