எவன்டி அவன் என்று கேட்ட அண்ணனுக்கு

சபையின் மேய்ப்பராகிய பெரியண்ணன் அவர்களுக்குத் தங்கை எழுதுவது. ஸ்தோத்திரம் என்று தொடங்கினால் நடிக்கிறாள் என்பீர்கள், ஸலாம் என்று தொடங்கினால் கிழித்துப் போடுவீர்கள். ஆகவே வெறும் வணக்கம். நான் நலம். உங்கள் நலம் விசாரிக்கிற மனநிலையில் இல்லை.

இஸ்லாத்துக்கு மாறிவிட்டேன் என்றதும் நீங்கள் கேட்ட ஒரே கேள்வி, "எவன்டி அவன்?" நாற்பத்தெட்டு வயசு, ரெண்டு முட்டியும் தேஞ்சாச்சு, நாள் முழுக்க ஆய்வகத்தில் ஊரார் ரத்தத்தையும் சிறுநீரையும் சோதிக்கிறவள். எனக்காக எவன் காத்துக் கிடக்கிறான், விலாசம் இருந்தால் அனுப்புங்கள். எங்கள் ஆய்வகத்தில் கண்ணாடிக் குழாய் கழுவுகிற அக்கா மத்தியானம் ஸ்டோர் ரூம் மூலையில் தொழுவார். அது என்ன என்று கேட்டேன், மூணு வருஷம் படித்தேன், ஒரு நாள் நானும் நெற்றியைத் தரையில் வைத்தேன், மனசு அடங்கிச்சு. அவ்வளவுதான் கதை. அதை நீங்க கேக்கவே இல்லையே! ஜெப விண்ணப்பத்துல என் பேரோட வீட்டு விலாசத்தையும் சேர்த்து வாசிச்சீங்களாம். ஏன், ஆண்டவருக்கு வழி தெரியாதா? வந்தது பாடகர் குழுதான். பதினாறு பேர் மாடிப்படியில நின்னு உருக்கமா பாட, கீழ்வீட்டுக்காரர் செத்தது யாருன்னு கேட்டு ஓடி வந்தார். அதோட விட்டீங்களா? நான் திரும்பி வரணும்னு மூணு நாள் உபவாசம் வேற. எனக்கு இது நோன்பு மாசம். நீங்களும் பட்டினி, நானும் பட்டினி. அப்பா இருந்த காலத்துலகூட நம்ம குடும்பத்துல இப்படி ஒரு ஒற்றுமை இருந்ததில்லை.

வயிறு எரியுது அண்ணா. அம்மா போனப்புறம் எனக்குத் தலை பின்னிவிட்ட அதே கையால, "இவளோடு யாரும் பேச வேண்டாம்"னு சபைக்கு எழுதியிருக்கீங்க. சரி. இனி உங்க வாசலை மிதிக்க மாட்டேன். நான் செத்தாலும் வராதீங்க. இதுதான் முடிவு.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பும் துஆவும். உங்களுக்கு அதில் பங்கில்லை.

இப்படிக்கு,
உங்கள் முன்னாள் தங்கை

பி.கு.: இதை உறையில் போடுவதற்குள் ஆய்வகத்தில் என் மேஜைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு ரத்தக் குழாய் வந்தது. உங்க பேரு, உங்க வயசு. சீட்டுல "பிரசங்கத்தின் நடுவே மயக்கம்". சர்க்கரை நாற்பத்திரண்டுக்கு இறங்கியிருக்கு. ரெண்டு தடவை சோதிச்சு டாக்டருக்குப் போன் பண்ணினேன். கண் முழிச்சிட்டீங்களாம். சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கிற மனுஷன் பட்டினி கிடக்கலாமா, அறிவிருக்கா? ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிட்டேன். கட்டில் பக்கத்துல நான் தொழ ஒரு ஆள் இடம் ஒதுக்கி வைக்கச் சொல்லுங்க. நோன்பு திறக்க இன்னும் மூணு மணி நேரம் இருக்கு, அதுவரை நான் தண்ணிகூடத் தொட மாட்டேன். நீங்க என் கண் முன்னால உக்காந்து சாப்பிடணும்.