மெர்சி அக்காவின் சுவிட்ச்

தூத்துக்குடியிலேயே மனிதர்களைவிடக் கம்ப்யூட்டர்களிடம் அதிக மரியாதையாக நடந்துகொண்டவர் உசுப்பி அண்ணாச்சி ஒருவர்தான். எங்களிடம் "என்னல" என்பார். மானிட்டரிடம் "கொஞ்சம் பொறுங்க" என்பார்.

எங்கள் ஷிப்பிங் ஏஜென்சியில் சிஸ்டம் பார்க்கிற வேலை அவருக்கு. நாசரேத்துக்காரர். அப்பா, அம்மா, சித்தப்பா, அத்தை எல்லாரும் வாத்தியார்கள். அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர். நாங்கள் ஆபீஸுக்கு வருவதற்குள், அணைந்து கிடக்கும் கம்ப்யூட்டர்களையெல்லாம் பஸ்ஸில் இருந்தபடியே போன் வழியாக எழுப்பிவிட வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் லட்சியம். அதனால்தான் உசுப்பி என்ற பட்டப்பெயர்.

"ஷட்டவுன் பண்ணுனா செத்துட்டுன்னு அர்த்தமில்லலே. உறங்குது, அவ்வளவுதான். நெட்வொர்க் வயர் சொருகுத எடத்துல மட்டும் முழிப்பு இருக்கும். அங்கன ஒரு குரல் குடுத்தா எந்திரிக்கும்" என்பார்.

முழிப்பு இருப்பதற்கு அடையாளம், மெஷினின் பின்னால் எரியும் சின்னப் பச்சை விளக்கு. அதைப் பார்ப்பதற்காகச் சாயங்காலமானால் ஒவ்வொரு மேசைக்கு அடியிலும் மல்லாக்கப் படுப்பார். ஒருநாள் காயல்பட்டினத்திலிருந்து ஒரு வியாபாரி சரக்கு விஷயமாக வந்தார். மேசைக்கு வெளியே இரண்டு கால்கள் அசையாமல் நீட்டிக்கொண்டிருந்தன. பெரியவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வாய்க்குள் துஆ ஓத ஆரம்பித்துவிட்டார். அப்போது அடியிலிருந்து குரல் வந்தது: "மூச்சு இருக்கு." பெரியவர் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். சோடா வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்பினோம்.

எல்லா மெஷினும் அவர் சொல் கேட்டது. கேட்காதது மெர்சி அக்காவுடையது மட்டும். டாக்குமென்ட் பிரிவில் மூத்தவர் அக்கா. கஸ்டம்ஸுக்குப் போகிற தாக்கல் எல்லாம் அவர் மெஷினிலிருந்துதான் போகும். கம்பெனியின் டிஜிட்டல் கையெழுத்துக்கான பென்டிரைவ் மாதிரியான டோக்கன் அதில்தான் செருகியிருக்கும்.

அண்ணாச்சி விடவில்லை. மெஷினுக்கு உயிர் வந்ததும் முதலில் வரும் நீலத் திரைக்குள் போய் ஒரு செட்டிங்கை மாற்றினார். எழவில்லை. விண்டோஸ் சீக்கிரம் திறப்பதற்காக வைத்திருக்கும் வசதியை நிறுத்தினார். "அது இருந்தா அரை உறக்கம்தான் உறங்கும். அரை உறக்கத்துல கெடக்கத எப்படி உசுப்ப?" என்றார். எழவில்லை. வயரை மாற்றினார், கார்டை மாற்றினார், கடைசியில் மெஷினையே மாற்றினார். புது மெஷினும் அந்த இடத்துக்கு வந்ததும் எழ மறுத்தது.

"யக்கா, சாயங்காலம் ஷட்டவுன்தான குடுக்கிய?"

"ஆமா தம்பி. நீ சொன்ன மாதிரிதான்."

அண்ணாச்சி மெலிந்துகொண்டே வந்தார். காலையில் அவருக்கு முன்னால் அக்கா வந்துவிடுவார், சாயங்காலம் அவர் பஸ்ஸுக்குப் போன பிறகுதான் கிளம்புவார். ஒருநாள் பஸ்ஸுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாகத் திரும்பி வந்து அக்காவின் மேசைக்கு அடியில் படுத்துக்கொண்டார். அன்று கணக்கை முடிக்க நானும் இருந்தேன். அக்கா கிளம்பினார். கைப்பையை மாட்டினார், சுவர்ப்பக்கம் குனிந்தார். டக்கென்று ஒரு சத்தம். பச்சை விளக்கு போயிற்று.

"யக்கா" என்றது மேசை.

அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். "ஏலே, நீ நாசரேத்துக்குப் போகலயா?"

"சுவிட்ச நீங்கதான் அமத்துதியளா?"

"தெனமும்தான் அமத்துதேன். ஷட்டவுன் குடுக்கச் சொன்னே, குடுத்தேன். சுவிட்சப் பத்தி நீ ஒண்ணும் சொல்லலயே."

அண்ணாச்சி வெளியே வந்து தூசியைத் தட்டினார். அக்கா கைப்பையை மேசைமேல் வைத்தார். பிறகு, பழைய வீட்டில் ஒருமுறை பிளக்கிலிருந்து தீப்பிடித்ததைச் சொன்னார். "நாங்க கோயிலுக்குப் போயிருந்தோம். புள்ள உள்ள உறங்கிட்டுக் கெடந்தா. பக்கத்து வீட்டுக்காரங்க கதவ ஒடச்சுத் தூக்குனாங்க. அதுலருந்து எந்த சுவிட்சயும் அமத்தாமப் போனா எனக்கு உறக்கம் கெடையாது தம்பி."

அண்ணாச்சி வாதம் செய்யப் போகிறார் என்று நினைத்தேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். "அப்போ அமத்திருங்கக்கா. இத நான் நேர்ல வந்தே உசுப்பிக்கிடுதேன்."

அந்த வருஷம் மழை பெய்து தெருவெல்லாம் தண்ணீர். யாரும் ஆபீஸ் வர வேண்டாம், வீட்டிலிருந்தே வேலை என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அண்ணாச்சி நாசரேத்திலிருந்து மெஷின்களை வரிசையாக எழுப்பினார். மெர்சி அக்காவுடையது மட்டும் எழவில்லை. இறால் கன்டெய்னர் ஒன்று அன்று சாயங்காலக் கப்பலில் ஏற வேண்டும். தாக்கல் போகாவிட்டால் துறைமுக வாசலைத் தாண்டாது.

மேனேஜர் எல்லாரையும் ஒரே போனில் கூப்பிட்டார். "யார் தப்பு இது?"

அக்கா மூச்சு விடும் சத்தம் கேட்டது. அதற்குள் அண்ணாச்சி சொன்னார்: "என் தப்புதான் சார். ஒரு செட்டிங் விட்டுப்போச்சு. நானே போய்ப் பாக்கேன்."

ஆபீஸ் சாவி அக்காவிடமும் அண்ணாச்சியிடமும்தான் உண்டு. அக்கா வீட்டுத் தெருவில் இடுப்பளவு தண்ணீர். பஸ் ஓடவில்லை. அண்ணாச்சி வாழைத்தார் ஏற்றிய லாரியில் தாரோடு தாராக வந்து சேர்ந்தார். துணைக்கு நானும் தண்ணீரில் நடந்துபோய் மாடிப்படியில் நின்றேன். கதவைத் திறந்தார், சுவிட்சைப் போட்டார், ஈரச் சட்டையோடு மேசைக்கு அடியில் படுத்து விளக்கைப் பார்த்தார். பிறகு போனை எடுத்துத் தட்ட ஆரம்பித்தார்.

"பட்டன் இங்கனதான இருக்கு. அமுக்குங்க அண்ணாச்சி."

"பட்டன அமுக்கவாலே இவ்வளவு தூரம் வந்தேன்?"

மெஷின் எழுந்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அக்கா வீட்டிலிருந்தபடியே மகளின் லேப்டாப் வழியாக அதற்குள் நுழைந்து தாக்கலை முடித்தார். கன்டெய்னர் கப்பல் ஏறியது.

தண்ணீர் வடிந்ததும் அக்கா நேரே மேனேஜர் அறைக்குப் போனார். "சுவிட்ச அமத்துனது நான்தான் சார்" என்றார். மேனேஜர் டீயைக் குடித்து முடித்துவிட்டு, அடுத்த கப்பல் எப்போது என்று கேட்டார்.

வெளியே அண்ணாச்சிக்குக் கோபம். "ஏன்க்கா சொன்னிய?"

"ஒன் பொய்ய மடியில வச்சிக்கிட்டு நான் எப்படி பூசைக்குப் போவ?"

அடுத்த வாரம் அண்ணாச்சி எலெக்ட்ரீஷியனைக் கூட்டி வந்து, ஏதாவது கோளாறு என்றால் தானே கரண்டை வெட்டிவிடும் ட்ரிப் சுவிட்ச் ஒன்றை அக்கா இடத்துக்குத் தனியாகப் போட்டார். அதில் இருந்த சோதனைப் பொத்தானை அக்காவே அமுக்கினார். கரண்ட் போனது. திரும்பவும் போடச் சொல்லி அமுக்கினார். போனது. இப்படியே பாதிக் காலை கழிந்தது. அன்று சாயங்காலம் அக்கா சுவிட்சைத் தொடாமல் வீட்டுக்குப் போனார். மறுநாள் வந்து, "கொஞ்சம் உறங்குனேன்" என்றார்.

அண்ணாச்சி இப்போது வளைகுடாவில், பெரிய கம்பெனியில். வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு, கூப்பிடுவார். முதலில் ஒவ்வொரு மெஷினாக விசாரிப்பார், கடைசியில்தான் எங்களை. புதிதாக வந்திருப்பவர் கெட்டிக்காரர். எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. அதைச் சொன்னால் "நல்லது" என்று போனை வைத்துவிடுவார். அதனால் நானும் மெர்சி அக்காவும் வியாழக்கிழமையே கூடிப் பேசி, இல்லாத கோளாறு ஒன்றை அவருக்காகத் தயார் செய்து வைக்கிறோம்.