பொயிலர் அண்ணையின் இரண்டாவது வால்வு

ஞாயிறு காலை பத்து மணி பத்து நிமிடம். பிரெஞ்சுத் தலைநகரில், ரூ பெர்தொனே தெருவில், பேபி அக்காவின் சாப்பாட்டுக் கடைப் பின்முற்றத்தில் நான் முதலில் பார்த்தது பாசுமதி அரிசி மூட்டைகளால் கட்டிய ஒரு பங்கர். அதற்கு முன்னால் பொயிலர் அண்ணை தரையில் கன்னத்தை வைத்துப் படுத்து, நெருப்பு ஊதிக்கொண்டிருந்தார்.

பொயிலர் அண்ணையைப் போல இங்கிலாந்தை நேசித்த ஒருவர் இங்கிலாந்திலேயே இருந்திருக்க மாட்டார். அவர் அங்கே போனதே இல்லை. அந்த நாட்டின் கிரிக்கெட்டும் வேண்டாம், தேநீரும் வேண்டாம். அவர் நேசித்தது அதன் முதல் நீராவி ரயில் எஞ்சின்களை மட்டும்தான். "அதுக்குப் பிறகு அவங்கள் ஒண்டும் உருப்படியாச் செய்யேல்லை" என்பார். பியர்ஃபித் புறநகரில் ஒரு பட்டறையில் வெல்டர் வேலை. 'பொயிலர்' என்பது கொதிகலன் பைத்தியத்தால் வந்த பட்டம். அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டுக்கு வெளியே எங்கும் வழங்கவில்லை.

ஒருமுறை கார் து நோர் ரயில் நிலையத்தில் லண்டன் ரயிலைக் காட்டி, "ஏறிப் போய்ப் பாத்திட்டு வாங்கோவன்" என்றேன். அதன் மூக்கை ஏற இறங்கப் பார்த்தார். "உதிலை என்ன கிடக்கு? எல்லாத்தையும் மூடி வைச்சிருக்கிறாங்கள். எஞ்சின் எண்டால் குடல் வெளியிலை தெரியோணும், தம்பி."

இன்னொரு நாள் பேபி அக்காவின் கடையில் நான் கொத்து ரொட்டி சாப்பிட உட்கார்ந்தேன். எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"முந்தின எஞ்சினிலை நெருப்புப் போக ஒரே ஒரு தடிச்ச குழாய். பாதிச் சூடு புகைபோக்கியாலை போயிடும். பிறகுதான் அதை எடுத்துப்போட்டு கனக்கச் சின்னக் குழாய் வைச்சாங்கள். தண்ணி கெதியாக் கொதிச்சுது. ஏன்?"

"தெரியாது அண்ணை."

"உம்மடை கோப்பையிலை கிடக்கிற ரொட்டியைப் பாரும்! முழு ரொட்டி கெதியாச் சூடாகுமோ, கொத்தினது கெதியாச் சூடாகுமோ?"

அவர் எழுந்து போனபோது என் கொத்து ஆறியிருந்தது.

பேசுவதோடு நின்றிருந்தால் யாருக்கும் தொல்லையில்லை. குளியல் தொட்டி அளவில் அப்படியொரு எஞ்சினைச் செய்தும் விட்டார். வீட்டில் அதற்கு ஓர் இரவுதான் இடம் கிடைத்தது. மறுநாள், "ரெண்டு கிழமைக்கு மட்டும், பிள்ளை" என்று சொல்லி, பேபி அக்காவின் களஞ்சிய அறையில் கொண்டுவந்து இறக்கினார். இரண்டு வாரத்துக்கு வந்தது மூன்று வருடம் நின்றது. களஞ்சியத்தில் இருக்க வேண்டிய அரிசி மூட்டைகள் சாப்பாட்டு மேசைகளுக்குக் கீழே வந்தன. வாடிக்கையாளர்கள் பாசுமதியின் மேல் கால் வைத்துச் சாப்பிட்டார்கள்.

கடைசியில் பேபி அக்கா தீர்ப்புச் சொன்னார். "அண்ணை, ஞாயிற்றுக்கிழமை உது ஓடினால் நிக்கட்டும். ஓடாட்டி, பன்னிரண்டு மணிக்குப் பழைய இரும்புக்காரன் வாறான். சொல்லிப்போட்டன்."

அதனால்தான் அன்று எஞ்சின் முற்றத்துக்கு வந்தது; அதனால்தான் அந்தப் பங்கர். மூட்டைகளுக்குப் பின்னால் பேபி அக்கா, நான், ஞாயிறு தவறாமல் ஆட்டுக்கறிக்கு வரும் பாண்டிச்சேரிக்காரர் ஒருவர். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் 'முசியே', பிரெஞ்சில் ஐயா.

"வெடிச்சிடாதுங்களே?" என்றார் முசியே.

"ரெண்டு வால்வு இருக்கு, முசியே. ஆவி கூடினால் திறந்து விடும். ஒண்டு மேலை, கை எட்டுற இடத்திலை. மற்றது உந்தப் பித்தளை மூடிக்குள்ளை. பூட்டிக் கிடக்கு, திறப்பு என்ரை பொக்கற்றிலை. அந்தக் காலத்திலை இங்கிலாந்துக்காரன் போட்ட விதி இது. ரெண்டாவது வால்வு ஓட்டுறவன்ரை கைக்கு எட்டக் கூடாது."

"என்ரை குக்கருக்கு ஒண்டு காணும்" என்றார் பேபி அக்கா. "உங்களுக்கு எல்லாம் ரெண்டு வேணும்."

பதினொன்றரைக்குத் தண்ணீர் கொதித்தது. அழுத்தமானியின் முள் மெல்ல ஏறியது. சிவப்புக் கோட்டுக்கு வெகு முன்பே நின்றுவிட்டது. மேல் வால்வின் ஓரத்தால் ஆவி உஸ்ஸென்று கசிந்துகொண்டிருந்தது. சக்கரம் அசையவில்லை. தெருவில் ஒரு வண்டி நிற்கும் சத்தம் கேட்டதும் அண்ணை திடுக்கிட்டுத் திரும்பினார். இரும்புக்காரன் இல்லை, மீன் வண்டி. எண்ணெய்க் குப்பியை எடுக்க உள்ளே ஓடினார்.

பேபி அக்கா பங்கரை விட்டு எழுந்தார். அவர் சமையலறையில் குக்கர் விசிலடிக்காமல் கசிந்தால் கரண்டியால் விசிலின் தலையை அழுத்துவது வழக்கம். கையில் கரண்டி இல்லை. வாசற்படியில் இருந்த இஞ்சி இடிக்கும் கல்லைத் தூக்கி மேல் வால்வின்மேல் வைத்தார்.

"ஓடு, சனியனே" என்றார். குரல் தாழ்ந்திருந்தது. "ஓடித் துலை."

உஸ் நின்றது. முள் ஏறியது. சிவப்புக் கோட்டைத் தொட்டது. தாண்டியது.

வாசலில் வந்து நின்ற அண்ணை கல்லைப் பார்த்தார், முள்ளைப் பார்த்தார். எண்ணெய்க் குப்பியை மெதுவாகப் படியில் வைத்தார்.

"பிள்ளை, கல்லைத் தொடாதை. இஞ்சாலை வா."

பேபி அக்கா அசையவில்லை. கொதிகலனுக்கும் அவருக்கும் ஒரு முழம்தான் இடைவெளி. அண்ணை குறுக்கே பாய்ந்து, அவரைத் தோளோடு பிடித்து மூட்டைகளுக்குப் பின்னால் தள்ளி, தானும் மேலே விழுந்தார். முசியே கண்ணை மூடிக்கொண்டு பிரெஞ்சில் ஜெபம் சொல்லத் தொடங்கினார். கொதிகலனுக்குள் ஏதோ 'டிக்' என்றது.

பித்தளை மூடி அலறியது.

வெள்ளை ஆவி நான்காம் மாடி வரை எழுந்தது. யாரோ ஜன்னலைத் திறந்து ஏசினார்கள். முள் இறங்கியது, சிவப்புக் கோட்டுக்குக் கீழே வந்தது, பூச்சியத்தில் படுத்தது. முற்றம் முழுக்க ஈரம். எஞ்சின் ஓர் அங்குலமும் நகரவில்லை.

அண்ணை எழுந்து முழங்காலைத் தட்டினார். "ஓடேல்லை" என்றார்.

பேபி அக்கா பித்தளை மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தலைமுடியில் அரிசி ஒட்டியிருந்தது.

பன்னிரண்டு மணிக்கு இரும்புக்காரன் வந்தான். தள்ளுவண்டியோடு வந்தவன், முற்றத்தில் நின்றதைப் பார்த்து முகம் மலர்ந்தான்.

"இஞ்சை பழைய இரும்பு ஒண்டும் இல்லை" என்றார் பேபி அக்கா. "சாப்பிட்டிட்டுப் போ."

பிறகு பொயிலர் அண்ணை ஓய்வு பெற்று, தெற்கே துலூசுக்கு மகளோடு போய்விட்டார். மகள் வீட்டு லிஃப்டுக்குள் எஞ்சின் அடங்காது என்று அதை விட்டுவிட்டுப் போனார். பேபி அக்காவின் கடையில் அரிசி மூட்டைகள் இன்றும் மேசைகளுக்குக் கீழேதான் இருக்கின்றன.