அருமை மாமாவும் ஏழாவது பாட்டும்

கேட்டுவிட்டுப் பாராட்டுகிறவர்கள் உண்டு. கேட்டுவிட்டுத் திட்டுகிறவர்களும் உண்டு. இந்த இரண்டு இனமும் அருகிக்கொண்டே வருகின்றன, போகட்டும். நாம் பார்க்கப்போவது நாளொரு மேனியாகப் பெருகிவரும் மூன்றாவது இனத்தை: கேட்காமலே பாராட்டுகிறவர்கள்.

இவர்களைத் தேடிப்போக வேண்டியதில்லை. நீங்களே பாடிய ஒரு பாட்டைக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். பாட்டு நான்கு நிமிஷம். நாலாவது விநாடியில் கைதட்டும் படம் வந்து குதிக்கும். பத்தாவது விநாடியில் நெருப்புப் படம். அரை நிமிஷம் ஆவதற்குள் ஒரு சித்தி, "கண் கலங்கிவிட்டது" என்று எழுதியிருப்பார். எப்போது கேட்டார், எப்போது கலங்கினார், எப்போது துடைத்துக்கொண்டு டைப் அடித்தார்? கேட்கக்கூடாது. அது தொழில் ரகசியம்.

ஆனால் இவர்களெல்லாம் கற்றுக்குட்டிகள். இந்தக் கலையில் கரைகண்ட ஒருவர் இருக்கிறார். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். முப்பது வருஷமாகக் கடைக்குள் நுழையும் எந்த மூஞ்சியைப் பார்த்தாலும், "இந்த ஃப்ரேம் உங்களுக்கு அருமை!" என்று சொல்லிச் சொல்லி, ஊரும் உறவும் அவருக்கு அருமை மாமா என்றே பேர் வைத்துவிட்டது. ஒரு நாள் ஒருவர் பழைய கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, புதியதை இன்னும் மாட்டாமல் வெறும் முகத்தோடு திரும்பினாராம். "அருமை!" என்றாராம் மாமா. வந்தவர் ஒன்றும் வாங்காமல், ஆனால் மிகுந்த சந்தோஷத்தோடு வீட்டுக்குப் போனாராம்.

இந்த மாமாவுக்கு ஓர் அக்கா மகன். பகலில் ஏசி ரிப்பேர் பார்ப்பவன். மற்ற நேரத்தில் ராப் பாடுபவன். மேடைப் பேர் மின்னல்வாய். மேடை இன்னும் கிடைக்கவில்லை, பேர் மட்டும் தயார். கம்பெனியும் கிடையாது, ஸ்டுடியோவும் கிடையாது. அம்மாவின் துணி அலமாரிக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டு (தொங்குகிற துணியெல்லாம் எதிரொலியை விழுங்கிவிடுமாம்), எட்டு மாதம் வியர்த்து வழிந்து, தானே எழுதி, தானே பாடி, தானே தாளம் சேர்த்து, அட்டைப்படமும் தானே வரைந்து, பதினொரு பாட்டை ஒரு மிக்ஸ்டேப்பாகக் கட்டி இணையத்தில் ஏற்றினான். "அலமாரிக்குள் ஒருவன்" என்று தலைப்பு. ஏற்றிய கையோடு தெரிந்தவர், தெரியாதவர், ஏசி ரிப்பேருக்குக் கூப்பிட்டவர் எல்லாருக்கும் லிங்க் அனுப்பினான்.

கற்றுக்குட்டிகள் உடனே நெருப்பைக் கொட்டினார்கள். மாமா கொட்டவில்லை. அங்கேதான் அவருடைய மேதைமை. மொத்தம் நாற்பத்தொரு நிமிஷம் என்று பார்த்துக்கொண்டார். சாப்பிட்டார். நகம் வெட்டினார். தொலைக்காட்சியில் யாரோ யாரையோ தோற்கடிப்பதைப் பார்த்தார். சரியாக நாற்பத்தைந்தாவது நிமிஷம் போனை எடுத்தார்.

"டேய், அருமைடா!"

"நெஜமாவா மாமா? முழுசாக் கேட்டீங்களா?"

"என்னடா இப்படிக் கேட்டுட்ட? அதுலயும் அந்த ஏழாவது பாட்டு இருக்கே... அந்த வலி... அதை நான் வாயால சொல்ல முடியாதுடா."

ஏன் ஏழு? முதல் பாட்டைப் புகழ்ந்தால் முதலோடு நிறுத்திவிட்டார் என்று தெரிந்துவிடும். கடைசியைப் புகழ்ந்தால் தாவிப் போனார் என்று தெரிந்துவிடும். நடுவைத் தாண்டி ஒன்றைப் பிடித்தால் எவனும் சந்தேகப்பட மாட்டான். வலி? வலி இல்லாத பாட்டு எங்கே இருக்கிறது? பாடுகிறவனுக்கு இல்லாவிட்டாலும் கேட்கிறவனுக்கு இருக்கும்.

 "அது அப்பா பாட்டு, மாமா," என்றான் பையன். "அதைப் பத்தி ஒருத்தராவது சொல்லுவாங்களான்னுதான் காத்துக்கிட்டு இருந்தேன்."

பையனின் அப்பா, அதாவது மாமாவின் அத்தான், லாரி ஷெட்டில் மெக்கானிக்காக இருந்தவர். போய் மூன்று வருஷமாகிறது.

"மாமா, வர்ற ஞாயித்துக்கிழமை நூலக ஹால்ல எனக்கு ஒரு பாட்டு பாட இடம் குடுத்திருக்காங்க. ஒண்ணே ஒண்ணு. எதைப் பாடறதுன்னு தெரியாம முழிச்சுக்கிட்டு இருந்தேன். நீங்க சொல்லிட்டீங்க, ஏழாவதுதான். ஆனா ஒண்ணு, மேடையில ஏறி அது உங்களை என்ன பண்ணுச்சுன்னு நீங்கதான் ரெண்டு வார்த்தை பேசணும்."

கேட்காமலே பாராட்டுகிறவனைப் பேசச் சொல்லலாமா? மீனைப் பிடித்து மரத்தில் ஏற்றலாமா?

வியாழக்கிழமை மத்தியானம், கடையில் ஆளில்லாத நேரம் பார்த்து, கண் பரிசோதனை செய்யும் இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மாமா தம் வாழ்க்கையில் முதல் தடவையாக, பாராட்டிவிட்ட ஒன்றைக் கேட்க உட்கார்ந்தார். ஏழாவது பாட்டை அழுத்தினார்.

"செக், செக்... ஒண்ணு, ரெண்டு, மூணு... கேக்குதா?"

தாளம் இல்லை. கர்ர்ர் என்று ஓர் இரைச்சல். பிறகு டொக் டொக்.

"டேய், உள்ளயா இருக்க? அந்தப் பச்சைப் புடவையை எடுத்துக் குடுடா, நேரமாச்சு."

"அம்மா, ரெக்கார்டிங் போயிட்டிருக்கு!"

"ரெக்கார்டிங் போகட்டும், நான் போகணும்ல?"

ஹேங்கர்கள் உராயும் சத்தம். "இது பச்சையாடா? இது நீலம்." அதோடு முடிந்தது பாட்டு.

மாமா இரண்டாம் முறை கேட்டார். மூன்றாம் முறையும் கேட்டார். வலி ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று தேடினார். அக்காவின் குரலில் கொஞ்சம் இருந்தது. அப்புறம் விளங்கியது. பையன் மைக் சோதித்துப் பார்த்த துண்டைத் தவறுதலாக ஏற்றியிருக்கிறான். அப்பா பாட்டு எங்கேயோ கம்ப்யூட்டருக்குள் கிடக்கிறது. பாட்டுகளை ஏற்றியிருந்த இணையப் பக்கத்தின் கீழே நாற்பத்து மூன்று பேர் வரிசையாக வந்து "வேற லெவல்", "ஒவ்வொரு பாட்டும் முத்து" என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இப்போது மாமாவின் நிலைமையைப் பாருங்கள். சொன்னால் தம் குட்டு உடையும். சொல்லாவிட்டால், செத்துப்போன அத்தானுக்காக அவர் மகன் பாடியதை அந்த நூலக ஹாலைத் தாண்டி உலகத்தில் ஒருவரும் கேட்கப்போவதில்லை. அரைமணி நேரம் அந்த இருட்டில், எதிரே எரிந்துகொண்டிருந்த எழுத்துப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போன் போட்டார்.

"டேய்... கடைக்கு வந்த ஒருத்தர் சொன்னாரு, ஏழாவதுல ஏதோ..."

"எந்த ஒருத்தர், மாமா?"

"ஒருத்தர்னா... ஒரு ஆளு. கண்ணாடி போட்டவரு."

"மாமா."

"ஏழாவதுல உங்கம்மா புடவை கேக்கறாடா," என்று போட்டு உடைத்தார். "நான் இன்னிக்குத்தான் கேட்டேன்."

அந்தப் பக்கம் தடதடவென்று விசைகளைத் தட்டும் சத்தம். "பதிவு பண்ணின பிறகு அந்த ஒண்ணை மட்டும் நான் திரும்பக் கேக்கவே இல்ல. முடியல," என்றான்.

"திட்டுறதுன்னா திட்டிடுடா."

"எப்படித் திட்டறது? நாப்பத்து மூணு பேரு எழுதினாங்க, நீங்க ஒருத்தர்தானே கேட்டிருக்கீங்க!" சிரித்தான். சிரிப்பில் கொஞ்சம் கோபமும் இருந்தது, இருக்க வேண்டியதுதானே?

வெள்ளிக்கிழமை கடைக்கே வந்து, சரியான பாட்டை மாமாவின் காதில் மாட்டிவிட்டு, எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்தான்.

முழங்கையால கதவைத் தள்ளி உள்ள வருவ,
கையெல்லாம் கிரீஸுன்னு தள்ளியே நிப்ப,
கழுவிட்டு வர்றதுக்குள்ள தூங்கிப்போவேன்,
கழுவாத கையோட ஒருநாள் தொட்டிருக்கலாம்ப்பா.

பாட்டு முடிந்தது. மாமாவின் வாய் வழக்கப்படி "அரு..." என்று திறந்து, அப்படியே நின்றது. ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"ரெண்டாவது பாதி ஒண்ணுமே புரியலடா. ஏன் இப்படிப் பறக்கற? உங்கப்பா எந்த வேலையையும் இவ்வளவு வேகமாச் செஞ்சவர் இல்ல."

பையன் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! நாற்பத்து மூன்று நெருப்புக்கும் அப்படி மலர்ந்ததில்லை. "அப்ப நெஜமாவே கேட்டிருக்கீங்க," என்றான்.

ஞாயிற்றுக்கிழமை மாமா மேடையேறி, "இதை நான் முந்தாநாள்தான் கேட்டேன், நீங்க இப்பக் கேளுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். மின்னல்வாய் மெதுவாகப் பாடினான். ஒவ்வொரு சொல்லும் கடைசி வரிசை வரை போயிற்று. முடிந்ததும், பாட்டு முழுக்க வெளியே நின்று போனில் பேசிக்கொண்டிருந்த ஒருவர் உள்ளே ஓடிவந்து, "பின்னிட்டீங்க தம்பி!" என்று கையைக் குலுக்கினார். மாமா அவரை ஏற இறங்கப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லுவதற்கு அவருக்கு என்ன யோக்கியதை?

நீங்கள் அப்படியெல்லாம் இல்லை என்கிறீர்கள். நல்லது, நம்புகிறேன். ஆனால் முதல் பத்தியைப் படித்துவிட்டு, நடுவில் கண்ணை ஓட்டிவிட்டு, நேராக இங்கே வந்து இறங்கி, "அருமை" என்று எழுத விரலைத் தூக்கியிருந்தால், கொஞ்சம் பொறுங்கள். நடுவில் இருப்பது முழுக்க உங்களைப் பற்றித்தான்.